‘அனுப்பப்பட்டது’ என்றால் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று நாம் அளந்துதான் போடுகிறோம். ஆனால் போட்டது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க மறந்துவிடுகிறோம். கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் ஆகிய யாவும் இணையப் படிவங்களாகிவிட்ட இக்காலத்தில், இது ஏழை மாணவனின் வாழ்க்கைப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். என் தாயார் உப்பளத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு பிரவுசிங் சென்டருக்கு வந்தார். படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும், ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் திரை சொல்லிற்று. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். பட்டியல் வெளியானபோது என் பெயர் இல்லை. விசாரித்த இடத்தில், “விண்ணப்ப எண் என்ன?” என்றார்கள். அப்படி ஓர் எண்ணை அந்தப் பக்கம் எங்களுக்குக் கொடுக்கவே இல்லை. “பச்சையில காட்டுச்சேய்யா, அப்புறம் எப்படி வராமப் போச்சு?” என்று அம்மா கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

இவ்வாண்டுப் பாடத்தில் ஒரு விடை அகப்பட்டது. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995-இல் பிறந்தது. பக்கத்தை மாற்றாமலே பின்னணியில் சர்வரோடு பேசும் முறை, 2005-இல் ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பெல்லாம் படிவத்தை அனுப்பினால், சர்வர் தரும் புதிய பக்கமே பதிலாக வந்து கண்முன் நிற்கும். இப்போதோ பதிலை வாங்கிப் படித்து நமக்குச் சொல்ல வேண்டியது நிரலின் பொறுப்பு. வழுக்குகிற இடம் இதுதான். சர்வர் தன் பதிலோடு ஓர் எண்ணையும் அனுப்பும். 200 என்றால் நலம். 500 என்றால் சர்வரிலேயே கோளாறு. ஆனால் இன்று பெரிதும் வழங்கும் ‘ஃபெட்ச்’ என்னும் கட்டளை, 500 வந்தாலும் அதைத் தோல்வியாகக் கொள்வதில்லை. பதில் என்று ஒன்று வந்துவிட்டது, அவ்வளவே! எண்ணைப் பார்க்க வேண்டியவர் நிரல் எழுதுபவர். அவர் பாராமல் விட்டால், உள்ளே இடிந்து விழுந்தாலும் வெளியே பச்சை எழுத்துத்தான். என் விண்ணப்பம் இப்படித்தான் தொலைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இப்படித் தொலையக்கூடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நானே செய்து பார்த்துவிட்டேன்.

நம் ஊர்த் துறைமுகத்தைப் பாருங்கள். ஏற்றுமதிச் சரக்குக்கான ஷிப்பிங் பில்லைச் சுங்கத்துறையின் ‘ஐஸ்கேட்’ வழியே தாக்கல் செய்கிறார்கள். அது ஏற்கப்பட்டால் ஓர் எண் கிடைக்கிறது; அந்த எண்ணைக் கொண்டே மேல்வேலைகள் நடக்கின்றன. கப்பலேறும் சரக்குக்குக் கிடைக்கிற எண், கல்வி கேட்டு நிற்கும் மாணவனுக்கு வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிவத்தைப் பிரவுசரிலேயே சரிபார்த்துவிட்டோம், அதுவே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரவுசர் இருப்பது பயனரின் கையில். அங்கு ஓடும் நிரலை எவரும் நிறுத்தலாம், மாற்றலாம். ஆகவே சர்வர் மீண்டும் ஒரு முறை சரிபார்த்தே தீர வேண்டும். இந்த நியாயம் நம் கடலுக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. 1905-இல் இலங்கைக் கரையின் மறிச்சுக்கட்டியில் நடந்த பெரும் குளிப்பில், குளியாட்கள் தாம் எடுத்த சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அதிகாரி கரையில் தீர்மானிப்பார். ஒன்று அவர்களுக்கு, இரண்டு அரசுக்கு. பிரிப்பவர் ஒருவர், தேர்பவர் வேறொருவர் என்பதால் வஞ்சனைக்கு இடமில்லை. படகில் போட்ட கணக்கைக் கரையில் பார்த்த பிறகே பங்கு!

அந்த இரண்டு கணக்குக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ‘தூத்துக்குடி’ நமக்கு 6 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது 12. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 36 பைட். இணைய முகவரியோடு சேர்த்து அனுப்பினால் 108 குறிகளாக நீளும். பிரவுசர் 12 என்று எண்ணி அனுப்பியதற்கு, சர்வர் 30 பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகும்? ஒன்று, மறுத்துவிடும், அல்லது ‘தூத்துக்கு’ என்று வெட்டி வைக்கும். ஊர்ப் பெயருக்கே இக்கதி என்றால், தமிழில் எழுதும் நம் பெயர்கள் எம்மாத்திரம்?

“எண் வரும்வரை நீ காத்திருந்திருக்க வேண்டும்” என்று சிலர் கூறலாம். முதன்முதலாகப் படிவம் நிரப்புகிறவனுக்கு எண் வர வேண்டும் என்பதே எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்காக எழுதுவதுதானே நிரல்?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் திரையில் தோன்றும் அழகுக்கு மட்டும் மதிப்பெண் வழங்காதீர்கள். இணைப்பைத் துண்டித்து ஒரு முறை, சர்வரை 500 சொல்ல வைத்து ஒரு முறை, தமிழ்ப் பெயரை இட்டு ஒரு முறை எங்கள் நிரலைச் சோதியுங்கள். தவறினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

மாணவ நண்பர்களே! நாளை இப்படிவங்களை எழுதப்போகிறவர்கள் நாம்தாம். சர்வர் பெற்றுக்கொண்டு எண் கொடுக்கும்வரை பச்சை எழுத்தைக் காட்டுவதில்லை என்று இன்றே உறுதி கொள்வோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரைமுன் வந்து நிற்கும் தாய்க்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அதுவே.