மறந்தவரும் கற்கிறார்

வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு நினைவு தவறிவிட்டால், இனி அவருக்கு எதைச் சொல்லியும் பயனில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவ உலகம் கண்ட உண்மை வேறு.

ஜெனீவாவில் எடுவார் கிளாபரேத் என்னும் மருத்துவரிடம், நாள்தோறும் காணும் அவரையே புதியவராகக் கருதுமளவு மறதியுற்ற பெண்மணி ஒருவர் இருந்தார். ஒரு நாள் மருத்துவர் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருடன் கைகுலுக்கினார். (நோயாளியிடம் இப்படிச் செய்யலாமா என்பது வேறு கேள்வி.) குத்திய வலியை அவர் விரைவில் மறந்துபோனார். ஆயினும் மருத்துவர் மறுபடி கை நீட்டியபோது, சட்டென்று தம் கையை இழுத்துக்கொண்டார். 1911இல் மருத்துவரே இதனை எழுதி வெளியிட்டார்.

அமெரிக்கர் ஹென்றி மொலைசனின் வரலாறு இதனினும் தெளிவானது. வலிப்பு நோய் தீர, 1953இல், தம் 27ஆம் வயதில் மூளை அறுவைக்கு உட்பட்டார். ஹிப்போகாம்பஸ் எனும் பகுதியின் பெரும்பாகம் இருபுறமும் நீக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது, புதிய நிகழ்ச்சிகளோ நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நமக்கே கை தடுமாறும் வேலை அது. மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. அப்பயிற்சியை முன்பு செய்த நினைவு மட்டும் அவருக்குச் சிறிதும் இல்லை. நடந்ததைப் பதிக்கும் வழி அழிந்திருந்தது. கை பழகும் வழி அழியவில்லை.

இதில் ஓர் இடரும் உண்டு. நாம் தவறு செய்தால், அது தவறென்ற நினைவே நம்மைத் திருத்துகிறது. மறதியுற்றவர்க்கு அந்நினைவு நிற்பதில்லை; வாயில் வந்த தவறான விடையே பழக்கமாகப் படிந்துவிடுகிறது. 1994இல் பிரிட்டனின் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் வெளியிட்ட ஆய்வில், ஊகிக்க விடாமல் சரியான விடையை முன்னதாகவே சொல்லிக்கொடுத்தபோது அத்தகையோர் நன்கு கற்றனர்.

நம் இல்லங்களில் நடப்பதோ நேர்மாறு. பேரப்பிள்ளையை முன்னிறுத்தி, "வாப்பா, இது யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சோதிக்கிறோம். அவர் தடுமாறி வேறொரு பெயரைச் சொல்கிறார், சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர். மறுநாளும் அதே பெயர்தான் வருகிறது. பிள்ளையின் பெயரை நாமே முதலில் கூறிவிடலாமே! மாத்திரைப் பெட்டியை என்றும் ஒரே இடத்தில் வைத்து, அவர் கையைப் பற்றி அங்கே கொண்டுசெல்லலாம். எல்லோர்க்கும் ஒரே அளவில் இது பயன் தருமென்று சொல்வதற்கில்லை. எனினும் பொறுமையுடன் தொடர்ந்தால், கை தானே அப்பெட்டியை நாடிச் செல்லக்கூடும். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் மட்டும் அவருக்குத் தெரியாது.