பால்ல வேலை செய்யுமா உங்க சென்சார்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒருமுறை பாருங்க. முட்டை ஓட்டிலிருந்து ஹைட்ராக்ஸிஅபடைட் தயாரிப்பு, அதை எலக்ட்ரோட் மேல மெல்லிய படலமா பூசுறது, கடைசியில் 'பயோசென்சார் பயன்பாட்டுக்காக' என்று ஒரு வால். எக்ஸ்ஆர்டி எடுத்து, எஸ்இஎம் படம் ஒட்டினா வைவா முடிஞ்சுது. வால் மட்டும் தொங்கிக்கிட்டே இருக்கு.

பொருள் மேல எனக்குக் குறையே இல்லை. நம்ம எலும்பிலும் பல்லிலும் இருக்கிற கனிமத்தோட உறவு அது. கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67. புரதம் அதுல நல்லா ஒட்டும். அதனாலதான் 1956-லேயே டிசேலியஸ் குழு புரதங்களைப் பிரிச்செடுக்க இதைப் பயன்படுத்தினாங்க. யூரியேஸ் என்சைமும் ஒரு புரதம்தானே, படலத்துல உட்கார்ந்துக்கும். அது யூரியாவை உடைச்சா அம்மோனியா வரும், பிஹெச் ஏறும், எலக்ட்ரோட் அதை அளக்கும். 1969-லேயே யூரியா எலக்ட்ரோட் வந்தாச்சு.

ஆனா நாம சோதிக்கிறது எதுல? காய்ச்சி வடிகட்டின தண்ணியில கரைச்ச யூரியாவுல!

சாலவாக்கம் பக்கமிருந்து தினமும் காலேஜ் வர்றவங்க நம்மகூடவே இருக்காங்க. வீட்டு மாட்டுப்பால் அரை லிட்டர் கேட்டா கொண்டு வர மாட்டாங்களா? அதுல படலத்தை முக்கிப் பாருங்க. பால்ல இருக்கிற கேசீனும் புரதம்தான். அதுவும் போய் ஒட்டிக்கும். என்சைமைப் பிடிச்சு வைக்கிற அதே குணம் இங்க எதிரியாகுது. பால் புளிச்சிருந்தா அமிலம் படலத்தையே அரிக்கும். பல் சொத்தையாகுறதும் இதே வேதியியல்தான்.

இன்னொண்ணு. நல்ல பால்லயும் இயற்கையா யூரியா உண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதிக்கிற உச்சம் 700 பிபிஎம். அதனால 'இருக்கா இல்லையா' என்ற பதில் போதாது, எவ்வளவுன்னு சொல்லணும். வெறும் ஆமா–இல்லைக்குத் துவரம்பருப்புப் பொடியும் சிவப்பு லிட்மஸ் தாளும் போதும். பருப்புலயே யூரியேஸ் இருக்கு, தாள் நீலமாயிடும். சில ரூபாய்ல முடியிற வேலை. உங்க படலம் இதைவிட ஒரு படி மேல போகலைன்னா ஊர்ல யார் வாங்குவாங்க?

ஸ்பட்டரிங் மெஷின் இல்லைங்கிறது சாக்கு ஆகாது. சோல்-ஜெல்லும் டிப் கோட்டிங்கும் ஒரு ஃபர்னஸும் போதும். 600, 700, 800 பிபிஎம்னு பால்ல கலந்து ரீடிங் எடுங்க. அதே படலத்தைப் பத்து நாள் கழிச்சு, நம்ம மே மாச வெயில்ல வெச்சிருந்து, மறுபடியும் எடுங்க. ரீடிங் விழுந்தா அந்த கிராஃபையும் ரிப்போர்ட்ல போடுங்க. அடுத்த பேட்ச் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.