கடற்குடாவின் விருந்தினர்

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஸ்கூடாய் வட்டாரக் குடும்பங்கள் பலவும் கடலை நாடுகின்றன. கோத்தா திங்கி வழியாக வடக்கு நோக்கி இரண்டரை மணி நேரம் பயணம் செய்தால் மெர்சிங் படகுத்துறையை அடையலாம். அங்கிருந்து படகேறினால் ராவா, பெசார், திங்கி எனத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படும். சிபு தீவுக்குச் செல்வோர் தஞ்சோங் லெமான் துறையில் படகேறுவர். தொலைவில் உள்ள அவுர், பெமாங்கில் தீவுகளுக்கும் ஆர்வலர்கள் செல்கின்றனர்.

இத்தீவுகளில் நம்மைப் பெரிதும் கவர்பவை சிறு குடாக்களே. இருபுறமும் பாறை முனைகள் கைகளைப் போல நீண்டு, நடுவே வெண்மணலும் தெளிந்த நீரும் அமைந்திருக்கும். காற்று தணிந்திருக்கும், அலை அடங்கியிருக்கும். நீச்சல் நன்கு அறியாதவரும் அச்சமின்றி இறங்கலாம். நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயரிட்டு, அதனை வாழ்வோடு இணைத்துப் பார்த்தனர். அந்த உறவு இன்றும் நம்மைக் கடலுக்கு அழைக்கிறது.

கடலுக்குச் செல்வது தவறன்று. ஆனால், எப்படிச் செல்கிறோம், எத்தனை பேர் செல்கிறோம் என்பதைப் பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. குடாவின் அமைதியை அனுபவிக்கும் நாமே அதன் அழிவுக்குக் காரணமாகிவிடக் கூடாது. தனிமனிதரின் ஒழுக்கம் மட்டும் இதற்குப் போதாது. சிறிய குடாக்களுக்கு வருகையாளர் எண்ணிக்கையில் ஒரு வரம்பும் வேண்டும் என்பதே என் கருத்து.

அமைதியே அதன் பலவீனம்

திறந்த கடற்கரையில் அலையும் நீரோட்டமும் ஓயாமல் நீரை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒதுக்கமான குடாவில் அப்படியில்லை. அங்கு நீர் மெதுவாகவே வெளியேறும். எனவே நாம் விட்டுவரும் குப்பையும், படகிலிருந்து கசியும் எண்ணெயும், உடலில் பூசிய களிம்பும் அங்கேயே நெடுநேரம் தங்கிவிடுகின்றன. நம்மை மகிழ்விக்கும் அதே அமைதிதான் குடாவை எளிதில் காயப்படக்கூடிய இடமாக ஆக்குகிறது.

அந்த நீருக்கடியில் இருப்பவற்றையும் நாம் அறிய வேண்டும். பவளப்பாறை என்னும் பெயரில் ‘பாறை’ இருந்தாலும் அதனைக் கட்டுவது உயிர்தான். மிகச்சிறிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்புக் கூடுகளைக் கட்டியெழுப்புகின்றன. உருண்டை வடிவப் பவளங்கள் ஓராண்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஒருவர் இளைப்பாற அதன்மீது கால் ஊன்றும் ஒரு நொடியில், பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகலாம்.

பவளத்துக்கு அடுத்து, கடற்புல்லைச் சொல்ல வேண்டும். சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் வெளிகள் உள்ளன. கடற்பசு அவற்றை மேய்ந்து வாழ்கிறது. வளர்ந்த கடற்பசு ஒன்று நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை புல்லைத் தின்னும். படகின் நங்கூரம் இழுபடும்போது அப்புல் வேரோடு பெயர்ந்துவிடுகிறது. வாயில்லா அவ்வுயிரின் உணவுத் தட்டை நாம் பறித்துக்கொள்வதற்கு இது சமமாகும்.

இவ்வளங்களைக் காக்கும் நோக்கத்தோடுதான் மெர்சிங் கடற்பகுதித் தீவுகள் 1994ஆம் ஆண்டில் சுல்தான் இஸ்கந்தர் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல் பூங்காவில் மீன் பிடிப்பதும், பவளத்தையோ சிப்பியையோ எடுப்பதும், பவளத்தின்மீது நங்கூரம் இடுவதும் தடைசெய்யப்பட்டவை. சட்டம் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு குடாவிலும் ஒவ்வொரு நாளும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அதிகாரி இல்லாத இடத்தில் நம் மனச்சான்றே காவலாக வேண்டும்.

‘நான் ஒருவன் எடுத்தால் என்ன?’

கடற்கரையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு சிப்பியை எடுத்தால் என்ன? மீனுக்கு ஒரு துண்டு ரொட்டி போட்டால் என்ன? சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழியைச் சேமிப்புக்குச் சொல்கிறோம். அது அழிவுக்கும் பொருந்தும்.

வெற்றுச் சிப்பி வெறும் அலங்காரப் பொருளன்று. துறவி நண்டு அதனுள் புகுந்து வாழ்கிறது. நாம் அலமாரியில் வைக்கும் சிப்பி, ஒரு நண்டு இழந்த வீடாகும்.

ரொட்டித் துண்டின் கதையும் இத்தகையதே. பவளத்தின்மீது படரும் பாசியைச் சில மீன்கள் கொறித்துத் தின்பதால்தான் பவளம் மூச்சுவிடுகிறது. அவற்றுள் கிளிமீனும் ஒன்று. அது பாசியோடு சுண்ணாம்பையும் கடித்து, அரைத்து, மணலாக வெளியேற்றுகிறது. பல பவளத் தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு இவ்வாறு உருவானதே. பாசி தின்னும் மீன்களை ரொட்டிக்குப் பழக்கினால், அவை செய்யும் வேலையைச் செய்ய வேறு யார் வருவார்?

வெயில் தடுப்புக் களிம்பையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பவளத்துக்குத் தீங்கு செய்யும் எனக் கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய பொருள்கள் கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடைசெய்தது. பாலாவ் நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய தடை நடப்புக்கு வந்தது. பவளத்துக்குப் பெரும் பகை கடல்நீரின் வெப்பமே என்பது உண்மைதான். 2010இல் நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறியபோது, தியோமான், ரெடாங் தீவுகளின் முக்குளிப்பு இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. ஆனால், வெப்பத்தால் நோயுற்ற பவளத்துக்கு நாம் மேலும் ஒரு சுமையை ஏற்றலாமா? நீண்ட கைச்சட்டை அணிந்து நீந்தினால் களிம்பின் தேவையே பெரிதும் குறைந்துவிடும்.

எண்ணிக்கைக்கு வரம்பு

இவை அனைத்தையும் கடைப்பிடிக்கும் நல்ல சுற்றுப்பயணிகள் என்றே வைத்துக்கொள்வோம். அத்தகையோர் ஆயிரம் பேர் ஒரே நாளில் ஒரு சிறு குடாவில் இறங்கினால் என்ன ஆகும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இதற்கு உலகம் இரண்டு தெளிவான பாடங்களைத் தந்துள்ளது.

முதல் பாடம் தாய்லாந்தின் மாயா குடா. ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற அக்குடாவில் சில நாள்களில் 5,000 பேர்வரை குவிந்தனர். படகுகள் நெருங்கி நின்றன. பவளங்கள் பெருமளவு சிதைந்தன. 2018 ஜூன் மாதத்தில் அரசு குடாவை மூடியது. பவளங்கள் மீண்டும் நடப்பட்டன. விரைவிலேயே கரும்நுனிச் சுறாக்கள் கூட்டமாகத் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் குடா திறக்கப்பட்டபோது விதிகள் மாறியிருந்தன. படகுகள் குடாவுக்குள் நுழையக் கூடாது. அவை தீவின் மறுபுறம் நிற்க வேண்டும். வருகையாளர் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது.

இரண்டாம் பாடம் மத்தியதரைக் கடலில் உள்ளது. பிரான்சின் மார்சேய் நகருக்கு அருகில் காலாங்க் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள சுகித்தோன் என்னும் சிறு குடாவுக்குக் கோடைக்காலத்தில் ஒரே நாளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் குடாவை நேசித்தவர்களே. ஆயினும், அவர்களின் காலடிகள் பட்டு மண் அரித்தது. பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. எனவே 2022 கோடையில், நெரிசல் மிகுந்த நாள்களில் 400 பேருக்கு மட்டுமே அனுமதி என்னும் முறை வந்தது. முன்பதிவு கட்டாயம், ஆனால், அதற்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வரம்பு விதித்தால் பணக்காரர் மட்டுமே கடலைக் காண்பர் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானது. நுழைவுச் சீட்டின் விலையை உயர்த்திக் கூட்டத்தைக் குறைத்தால், ஸ்கூடாயின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள்தாம் முதலில் விலக்கப்படும். கடல் அனைவருக்கும் பொது. ஆகவே விலையால் அன்றி, முன்பதிவு வரிசையால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதே நேர்மையான வழியாகும்.

தீவுவாழ் மக்களின் பிழைப்பு என்ன ஆகும் என்பது மற்றொரு கேள்வி. படகோட்டியும் சிற்றுண்டிக் கடைக்காரரும் வருகையாளரை நம்பியே வாழ்கின்றனர். அவர்களைப் புறக்கணிக்கும் எந்தத் திட்டமும் வெற்றி பெறாது. ஆனால், பவளம் அழிந்த குடாவுக்கு யார் வருவார்? இவ்வாண்டு பத்து மடங்கு கூட்டமும் பத்தாண்டுகளுக்குப் பின் வெறும் கரையும் வேண்டுமா, ஆண்டுதோறும் அளவான வருமானம் வேண்டுமா? வார இறுதியில் குவியும் கூட்டத்தை மற்ற நாள்களுக்கும் பகிர்ந்தளித்தால் படகோட்டியின் வருமானமும் சீராகும். மேலும், வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் உள்ளூர் மக்களையே அமர்த்தலாம். குடாவை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை.

இழந்தால் மீளாது

காலம் கடந்து விழித்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடா சான்றாகும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆனால், அங்குப் பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளம் வெட்டி எடுக்கப்பட்டு வந்தது. அலையைத் தடுத்த பவள அரண் இல்லாமற் போகவே கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவையாவது காப்பாற்றும் முயற்சியாகக் கடலில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன. இயற்கை இலவசமாகத் தந்த அரணை, இன்று பெரும்பொருள் செலவிட்டு மனிதன் கட்ட வேண்டியதாயிற்று.

கடமை ஸ்கூடாயிலேயே தொடங்குகிறது

கடலைக் காக்கும் கடமை படகில் ஏறியபின் தொடங்குவதன்று. ஸ்கூடாய் ஆறு நம் குடியிருப்புகளையும் கடைத்தெருக்களையும் கடந்து ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. மழைநாளில் சாலையோரக் கால்வாயில் வீசப்படும் நெகிழிப் பையும் போத்தலும் அந்த ஆற்றின் வழியே கடலைச் சேரும். அந்நீரிணையின் மேற்குப் பகுதியில், கேலாங் பாத்தாவுக்கு அருகே, மெராம்போங் கடற்புல் வெளி உள்ளது. கடற்குதிரைகள் வாழும் இடம் அது. மெர்சிங் கடல் தொலைவில் இருக்கலாம். நம் வீட்டுக் கால்வாயின் கடல் அருகிலேயே இருக்கிறது. ஸ்கூடாயில் குப்பையை வீசுபவர் மெர்சிங்கில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே, அடுத்த பயணத்துக்கு முன்னரே திட்டமிடுவோம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தைத் தவிர்ப்போம். அது நம் பாதுகாப்புக்கும் நல்லது, கடலுக்கும் ஓய்வு. இயன்றால், நெரிசலான நீண்ட வார இறுதிகளை விடுத்து வேறு நாளைத் தேர்ந்தெடுப்போம். உணவை மீண்டும் பயன்படுத்தக்கூடிய கலன்களில் கொண்டு செல்வோம். கொண்டு சென்ற அனைத்தையும் திரும்பக் கொண்டு வருவோம். நங்கூரத்துக்குப் பதிலாக மிதவையில் படகைக் கட்டுமாறு படகோட்டியிடம் பணிவுடன் கேட்போம். இரவில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடங்களில் கைவிளக்கையும் இரைச்சலையும் தவிர்ப்போம்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் காய்ந்த கடற்புல்லைக் கண்டு முகம் சுளிக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்வோம். அது குப்பையன்று, மணல் அரித்துச் செல்லாமல் காக்கும் போர்வை. எது குப்பை, எது குப்பையன்று எனப் பகுத்தறிவதும் கடலைப் பற்றிய கல்வியே.

அதே வேளையில், எந்தக் குடா எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஆராய்ந்து, கட்டணமில்லா முன்பதிவு முறையைக் கொண்டுவர வேண்டியது நிருவாகத்தின் பொறுப்பாகும். அம்முறை வரும் நாளில், ‘எனக்கு இன்று இடமில்லையா?’ என்று சினங்கொள்ளாமல் மற்றொரு நாளுக்குக் காத்திருப்பது நம் பொறுப்பாகும்.

விருந்தோம்பலைப் போற்றும் பண்பு நம்முடையது. நல்ல விருந்தினர் எப்படி இருக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். அழைத்த வீட்டின் பொருளை அவர் எடுத்துச் செல்லமாட்டார், வீட்டை அழுக்காக்கமாட்டார், வீட்டார் தாங்கும் அளவுக்கு மேல் ஆள்சேர்த்து வரவுமாட்டார். கடற்குடாவில் பவளமும் ஆமையும் கடற்பசுவுமே வீட்டார். அவ்வீட்டுக்கு நாளை நம் தம்பி தங்கையரும் விருந்தினராகச் செல்ல வேண்டும். அவர்கள் செல்லும்போது வீடு இருக்க வேண்டும்.