சோவின் சிரிப்பு நின்ற இடம்

ஒரு கோமாளி செத்துப்போகிறான். அவனிடம் அடிபட்ட ராஜாக்களெல்லாம் மாலையோடு வரிசையில் வந்து நிற்கிறார்கள். அப்படியானால் அவன் அடித்த அடி எங்கே விழுந்தது? 2016 டிசம்பர் 7 அன்று சோ ராமசாமி சென்னையில் இறந்தபோது இதுதான் நடந்தது. ஆண்ட கட்சி, ஆளும் கட்சி, ஆளப்போகிற கட்சி எல்லாம் வந்தன. அடுத்த மாதமே பத்மபூஷண் அறிவிப்பு. ‘அஞ்சாநெஞ்சர்’ என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன.

இன்றைக்கும் நம் மாணவத் தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: “எல்லாக் கட்சியையும் கிழிச்சுத் தொங்கவிட்டாரே அண்ணே, அவரை மட்டும் நாம ஏன் ஏத்துக்க மாட்டேங்குறோம்? ஐயர்ங்கிறதாலயா?”

பிறப்பைக் காட்டிப் பதில் சொல்வது சோம்பேறித்தனம். பிறப்பை வைத்து ஆளை எடைபோடுவது மனுதர்மத்தின் வேலை, நமக்கு அது வேண்டாம். அவர் செய்த வேலையை வைத்துப் பேசுவோம். அதற்கு முதலில் அவருக்கு உரிய கணக்கைச் சரியாகக் கொடுத்தாக வேண்டும்.

சோ 1934இல் பிறந்தார். சட்டம் படித்த வக்கீல். கம்பெனிக்குச் சட்ட ஆலோசகராக இருந்துகொண்டே சபா நாடகத்துக்கு வந்தவர். ‘சோ’ என்பதே ஒரு நாடகப் பாத்திரத்தின் பெயர், அது ஒட்டிக்கொண்டது. 1963இல் ‘பார் மகளே பார்’ படத்தில் சினிமாவுக்குள் நுழைந்தார். 1968இல் ‘முகமது பின் துக்ளக்’ நாடகம், 1971இல் அதுவே படம். 1970 ஜனவரி பொங்கலன்று ‘துக்ளக்’ பத்திரிகை. முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டன. சாகும்வரை அவர்தான் ஆசிரியர். 1999 முதல் ஆறு வருசம் நியமன ராஜ்யசபை உறுப்பினர்.

தைரியம் இல்லாத ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். 1971இல் சேலம் பகுத்தறிவாளர் ஊர்வலப் படங்களைப் போட்டதற்காக அரசு அவருடைய இதழைப் பறிமுதல் செய்தது. படம் போட்ட நோக்கத்தோடு நமக்கு உடன்பாடில்லை, ஆனாலும் பறிமுதல் பறிமுதல்தான். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது கறுப்பு அட்டை போட்டு எதிர்ப்பைச் சொன்னார். பெரிய பெரிய முதலாளிப் பத்திரிகைகள் வாயைப் பொத்திக்கொண்ட காலம் அது. இதை மறைத்துவிட்டு அவரைத் திட்டினால் நம் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு டி.வி. பெட்டிக்குள் ராத்திரி எட்டு மணியானால் நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுகிறார்களே, அதற்கெல்லாம் முந்தியே மேடையில் ஒரு பேச்சரங்கத்தை நடத்தியவர் அவர். வருசா வருசம் ஜனவரி 14இல் துக்ளக் ஆண்டு விழா நடக்கும். வாசகர்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். மொட்டைத் தலையும் முட்டைக் கண்ணுமாக அவர் நின்று பதில் சொல்லுவார். மண்டபம் குலுங்கும். மேடையிலேயே தலைவர்களை வைத்துக்கொண்டு கிண்டலடிப்பார். அரசியலைச் சிரிப்பாகவும் சிரிப்பை அரசியலாகவும் ஆக்கிய ஆள்தான். மறுப்பில்லை.

என் கேள்வி வேறு. அந்தச் சிரிப்பு எதைப் பார்த்துச் சிரித்தது, எந்த இடத்தில் போய் நின்றது?

‘துக்ளக்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். அறுநூறு வருசத்துக்கு முந்திச் செத்த துக்ளக்கும் இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு வந்துவிட்டதாக இரண்டு பேர் ஏமாற்றுகிறார்கள். சனங்கள் நம்புகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். துக்ளக் பிரதமராகிறான். கட்சி மாறி வந்தவனுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. தேசிய மொழி பாரசீகம். லஞ்சத்துக்குச் சட்ட அங்கீகாரம். கடைசியில் உண்மையைச் சொல்ல வந்தவனை அதே சனங்கள் அடித்துக் கொல்கிறார்கள். சாமர்த்தியமான நாடகம். ஆனால் அதில் ஆகப்பெரிய முட்டாள் யார்? துக்ளக் இல்லை, அவன் மந்திரிகளும் இல்லை. ஓட்டுப் போட்டவன்தான். மயிலாப்பூர் சபாவில் விசிறி மடிப்பு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது, கைநாட்டுக்காரன் கையில் ஓட்டு போய்விட்டதே என்று.

இதை ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இங்கே ஓட்டு என்பது சிரிப்புச் சமாச்சாரம் இல்லை. 1957 ஜூலையில் முதுகுளத்தூர் இடைத்தேர்தல். ஃபார்வர்டு பிளாக் ஜெயித்தது. காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தேவேந்திரர் தெருக்களுக்குத் தீ வந்தது. செப்டம்பர் 10இல் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்துக்கு, பட்டாளத்தில் இருந்து திரும்பிய நம் இமானுவேல் சேகரன் போனார். தேவரய்யாவுக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்து பேசினார் என்று எங்க சனங்க இன்றைக்கும் சொல்லுவார்கள். மறுநாள் ராத்திரி பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். வயது 32.

சோவின் நாடகத்திலும் நாற்காலிதான் சிரிப்பு. பதவி நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. நாற்காலியில் ஏற்கனவே உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேடிக்கை. உட்கார்ந்த குற்றத்துக்காகச் செத்தவனின் தெருவில் அதற்கு எப்படிச் சிரிப்பு வரும்? நாடகம் மேடையேறிய அதே 1968இல்தான், டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். அரைப்படி நெல் கூடக் கேட்ட குற்றம்.

தேர்தல் கேலிக்கூத்தைத்தான் எழுத வேண்டும் என்றால் நம் பக்கத்தில் சரக்கு ஏராளம். பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் தனிப் பஞ்சாயத்து என்று அறிவித்த நாளிலிருந்து 2006 வரை பத்து வருசம் தலைவர் நாற்காலி காலி. வேட்புமனு போட ஆள் விடமாட்டார்கள். விட்டால், அவர்களே ஒரு ஆளை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொள்வார்கள். துக்ளக் தர்பாரில்கூட இப்படி ஒரு காட்சி கிடையாது! மேலவளவில் ராஜினாமாச் செய்யாத முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள்.

“நாமளும்தானே ஓட்டைத் திட்டினோம்? 1999 வரைக்கும் சிறுத்தைகள் தேர்தலையே புறக்கணிக்கலையா?” என்று கேட்கலாம். திட்டினோம்தான். பெட்டி நமக்கு மூடியிருக்கிறது என்று திட்டினோம். பெட்டியை எல்லாருக்கும் திறந்துவிட்டார்களே என்ற அலுப்பில் பிறந்தது அந்தச் சபாச் சிரிப்பு. இரண்டும் ஒன்றாகாது.

சரி, எல்லா நாற்காலியையும் பார்த்துச் சிரித்தவர் எதன் முன்னால் சிரிப்பை நிறுத்தினார்? அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். ‘எங்கே பிராமணன்?’ என்ற தொடர் 2008லிருந்து ஜெயா டி.வி.யில் வந்தது. கதைக்கு நடுநடுவே சோவே வந்து உட்கார்ந்து, கேட்கும் கேள்விக்குச் சாஸ்திரப் பதில் சொல்லுவார். பேச்சரங்கத்துக்காரர் இங்கே உபன்யாசக்காரர் ஆகிவிட்டார். உண்மையான பிராமணன் இன்றைக்கு இல்லை என்றுதான் கதை சொல்கிறது. கேட்பதற்கு முற்போக்குபோல் இருக்கும். ஆனால் உள்ளே பாருங்கள்: வருணம் கெட்டதல்ல, அதைச் சரியாகக் கடைப்பிடிக்க ஆளில்லை என்பதுதான் சாரம். மந்திரி கெட்டுப்போனால் மந்திரி பதவியையே கிண்டலடித்தவர், பிராமணன் கெட்டுப்போனால் மட்டும் பிராமணப் பதவியைப் புனிதமாக வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிறார். ஜனநாயகம் என்றால் கேலி, வருணம் என்றால் கவலை. மகாபாரதம், ராமாயணம், ‘இந்து மஹா சமுத்திரம்’ என்று அவர் எழுதிய பக்கங்களில் கோமாளியைக் காணோம், பக்தரைத்தான் பார்க்கிறோம். இட ஒதுக்கீடு என்றால் மட்டும் பழைய நக்கல் திரும்பி வந்துவிடும்.

ஒருத்தனின் சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கேதான் அவன் சாமி இருக்கிறது.

அந்த இடத்தில் சிரிக்கத் துணிந்த ஆளும் இதே தமிழ் மேடையில் இருந்தார். எம்.ஆர்.ராதா. பெரியார் தொண்டர். நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அன்றைய பத்திரிகைச் செய்தியைப் பற்றிச் சனங்களோடு பேசுவார். அதுவும் பேச்சரங்கம்தான். 1954இல் அவர் ராமாயணத்தையே சிரிப்பாக்கி மேடையேற்றினார். தடை, கைது, கலவரம். அதே வருசம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ராதாவைக் குறிவைத்துத்தான் அந்தச் சட்டம் என்பது நாடகக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சோவும் அந்தத் தணிக்கையோடு மல்லுக்கட்டியவர்தான். கடைசியில் நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கில் 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது.

சட்டத்தில் பிரிவு செத்தாலும் நம்ம ஊரில் அது சாகவில்லை. செப்டம்பர் வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் தடை உத்தரவு வந்துவிடும். இமானுவேல் நினைவிடத்துக்குப் போக வண்டிக்கு அனுமதி, பேனருக்கு அனுமதி, மைக்குக்கு அனுமதி. 2011 செப்டம்பர் 11இல் அனுமதிக்குப் பதில் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது.

ராதாவையும் நாம் சாமியாக்க வேண்டாம். ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் பாவத்துக்குத் தண்டனையாகக் குஷ்டம் வருகிறது. நோய் பிடித்த உடம்பைப் பார்த்துச் சனங்கள் சிரிக்கவும் அருவருக்கவும் செய்தார்கள். அசுத்தம் என்று ஒதுக்கப்பட்ட உடம்புகளின் கூட்டம் நாம். இந்த இடத்தில் நமக்கு உறுத்தத்தான் செய்யும்.

நம் ஊர் நாடகத்துக்கும் இதே பரிசோதனை உண்டு. சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை கடற்கரையோர ஊர்களில் திருவிழா என்றால் இன்றைக்கும் வள்ளி திருமணம், அரிச்சந்திரா மயான காண்டம். விடிய விடிய நடக்கும். கரிமூட்டம் போட்டுவிட்டு வந்தவன், உப்பளத்தில் கால் வெந்து வந்தவள், வலைக்குப் போக வேண்டியவன் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். பபூன் வந்து பஞ்சாயத்துத் தலைவரிலிருந்து பிரதமர் வரை இழுத்துப்போட்டு அடிப்பான். சோவுக்கு அவன் எந்த வகையிலும் குறைந்தவனில்லை. அவனுக்கு ஒரு பத்மபூஷணும் கிடையாது. ஆனால் மயான காண்டம் வந்ததும் சிரிப்பு நின்று அழுகை தொடங்கும். ராஜா சுடுகாட்டு வெட்டியானுக்கு அடிமையாகிவிட்டானாம்! ஊரே கண்ணைத் துடைக்கும். நான் சேரிப்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து செய்கிற வேலையை ராஜா நாலு நாள் செய்ததற்கு இத்தனை கண்ணீரா? பரம்பரை பரம்பரையாகப் பிணம் எரிப்பவனுக்காக அழ அந்த மேடையில் ஒரு பாட்டும் இல்லை. அங்கேயும் சிரிப்பு நிற்கிற இடம் வருணம்தான்.

“தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை, எதற்கெடுத்தாலும் புண்படுகிறார்கள்” என்று ஒரு பேச்சு உண்டு. 2012இல் பாடப்புத்தகத்தில் வந்த சங்கரின் 1949 கார்ட்டூனை நாடாளுமன்றத்தில் எதிர்த்தபோது இதைச் சொன்னார்கள். அம்பேத்கர் நத்தைமேல் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். வரைந்தவர் மனசில் என்ன இருந்ததோ, அது வேறு விவாதம். முதுகில் சாட்டைத் தழும்பு உள்ளவனும் இல்லாதவனும் அந்தப் படத்தை ஒரே மாதிரி பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். நகைச்சுவை இல்லாத சனமா நாம்? நாற்று நடும்போது பண்ணையாரைப் பெயர் சொல்லாமல் நக்கலடிக்கும் நம் அப்பத்தாக்களிடம் சோ பாடம் படித்திருக்கலாம். அது அச்சிலும் டி.வி.யிலும் ஏறவில்லை என்பதுதான் வித்தியாசம்.

2023இல் வந்த ‘மாமன்னன்’ படத்தில், முப்பது வருசம் திரையில் அடிவாங்கியே நம்மைச் சிரிக்கவைத்த வடிவேலு, சாதிக்காரன் முன்னால் உட்கார முடியாத எம்.எல்.ஏ.வாக நின்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இமானுவேலின் நாற்காலி ஒரு வழியாகத் திரைக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே தோழர்களே, சோவைப் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது எப்படி, ஒரு வரியில் அதிகாரத்தை உரித்துக்காட்டுவது எப்படி என்று கற்றுக்கொள்ளுங்கள். கருவி நல்ல கருவி, அவர் வெட்டாமல் விட்ட மரம்தான் நம் மரம். அடுத்த திருவிழாவில் நம் தெருவில் நாடகம் போட்டால், பபூன் வேசத்தை நம் பிள்ளைகளே கட்டட்டும். அரிச்சந்திரன் சுடுகாட்டில் அழத் தொடங்கும்போது உள்ளே நுழைந்து கேட்கட்டும்: “மகாராசா, நாங்க இங்க வந்து எத்தனை தலைமுறை ஆச்சு, தெரியுமா?”