ரெண்டும் ஒரே சாம்பல்தானாம்!

மக்களே, நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. திரையில பொத்தான் ரெண்டு பிக்சல் தள்ளி இருந்தா பக் போட்டு அடுத்தவன் மானத்தை வாங்குவோம். வீட்டுல தங்கமணி ரெண்டு சாம்பல் நிற அட்டையை நீட்டி "எது நல்லாருக்கு?"ன்னு கேட்டா மட்டும், தலையைத் தூக்காமலே "ரெண்டும் ஒண்ணுதானே"ம்போம். நானும் சொன்னவன்தான். வாங்கியும் கட்டிக்கிட்டேன் :-)

ரெண்டுமே அமெரிக்காவுல ரொம்பப் பிரபலமான ஷெர்வின் வில்லியம்ஸ் உள்சுவர் நிறங்கள். ஒண்ணு அக்ரீயபிள் கிரே (7029), இன்னொண்ணு ரிபோஸ் கிரே (7015). வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற அளவை எல்ஆர்வின்னு சொல்றாங்க. 0 கறுப்பு, 100 வெள்ளை. முதலாவதுக்கு 60, அடுத்ததுக்கு 58. திரை எண்கள்ல பாத்தா சிவப்பு, பச்சை, நீலம் வரிசையா 209-203-193, 204-201-192.

"பாத்தியா, வித்தியாசமே இல்ல"ன்னு துள்ளாதீங்க. கொஞ்சம் கழிச்சுப் பாருங்க. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி அக்ரீயபிள்ல 16, ரிபோஸ்ல 12. அதாவது முதலாவதுல மணல் நிறம் கொஞ்சம் கூட. இந்தச் சின்ன சாயம் அட்டையில தெரியாது. வடக்கு பாத்த ஜன்னல் வழியா வர்ற நீலம் கலந்த வெளிச்சத்துல ரிபோஸ் சில்லுன்னு ஆகிடும். ராத்திரி 2700 கெல்வின் பல்பைப் போட்டா அக்ரீயபிள் பழுப்புப் பக்கம் சாயும். நாலு சுவருக்கும் அதையே அடிச்சா, ஒரு சுவர் வெளிச்சம் இன்னொண்ணுல பட்டு சாயம் இன்னும் கூடும்.

அதனால "எது சிறந்தது?"ங்கிற கேள்வியே வெட்டி. அதைவிட வெட்டி, மானிட்டரைப் பாத்து முடிவெடுக்குறது. மானிட்டர் தானே வெளிச்சம் விடுற சாமான், சுவர் அப்படியா? ரெண்டு பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, சுவருல சாத்தி வச்சு, காலையில, மதியம், விளக்கு போட்டப்புறம்னு பாருங்க. ரெண்டு நாள் வேலை. அடிச்சப்புறம் பிடிக்கலைன்னா மொத்த ஹாலையும் திரும்ப அடிக்கணும்.

எங்க ஹால் வடக்கு பாத்தது. அக்ரீயபிள்தான் ஜெயிச்சது. கண்டுபிடிச்சது நானில்ல.

அடுத்த தடவை அட்டையை நீட்டுனா "தெரியலை"ன்னு சொல்லுங்க, தப்பில்ல. "ரெண்டும் ஒண்ணு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா, கேக்குறவங்க கண்ணை நீங்க நம்பலைன்னுதான் அர்த்தம்.