அட்டைப்பெட்டியே போதும் சாமி!

மியூனிக்ல இறங்கி, பாஸாவ்லேர்ந்து டான்யூப் கரையோரமா 300 கிலோமீட்டருக்கு மேல மிதிச்சு, வியன்னாவுல விமானம் ஏறணும். இதுதான் திட்டம். சொந்த சைக்கிள்தான். "நல்ல கெட்டிப் பெட்டியா வாங்கிக்கோ"ன்னு ஆளாளுக்கு அட்வைஸ். நான் கேக்கறேன், காலிப் பெட்டியை வியன்னா வரைக்கும் தலையிலயா சுமக்கறது?

நம்மூர் சைக்கிள் கடையில பழைய அட்டைப்பெட்டி சும்மாவே கிடைச்சுது. இறங்கின ஊர்ல போட்டுட்டு, கிளம்பற ஊர்க் கடையில இன்னொண்ணு வாங்கிக்கிட்டேன்.

மியூனிக்ல பிரிச்சுப் பார்த்தா பின்பக்க டிரெய்லியர் மாட்டற கொக்கி வளைஞ்சு கிடக்கு! முதல் நாள் பூரா ஒரே கியர்தான். ஆனா பெட்டி மேல பழி போடமாட்டேன். டிரெய்லியரைக் கழட்டித் துணி சுத்தி ஃபிரேமுக்குள்ள கட்டாம விட்டது நாந்தானே :-)

இன்னொண்ணு மக்கா, இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்!