பாடியவரைக் கேட்காத கூட்டிசை

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உறுப்பு நாடுகள் 2024 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. பழங்குடியினரின் மரபறிவோடு தொடர்புடைய மரபணு வளங்களைக் கொண்டு காப்புரிமை கோருவோர், அவற்றின் மூலத்தை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது அது. ஆனால், ஒரு சமூகத்தின் மூலிகைக்குக் கிடைத்த இந்த ஏற்பு அதன் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. இக்குறையின் ஆழத்தைத் தைவானின் அமிஸ் பழங்குடிப் பாடகர் டிஃபாங்கின் வழக்கு தெளிவாகக் காட்டுவதாகக் கருதுகிறேன்.

1988-இல் டிஃபாங்கும் அவருடைய மனைவியும் ஐரோப்பிய மேடைகளில் பாடினர். அந்தப் பாடலை பாரிஸைச் சேர்ந்த பண்பாட்டு நிறுவனம் ஒன்று ஒலிப்பதிவாக வெளியிட்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட குரல், ஜெர்மனியின் 'எனிக்மா' இசைக்குழு வெளியிட்ட 'ரிட்டர்ன் டு இன்னசென்ஸ்' பாடலில் இடம்பெற்று உலகைச் சுற்றியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. தயாரிப்பாளர் பாரிஸ் நிறுவனத்துக்குப் பணம் செலுத்தியிருந்தார். ஆவணங்கள் சரியாகவே இருந்தன. பாடியவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. 1998-இல் தொடுக்கப்பட்ட வழக்கு மறு ஆண்டு சமரசத்தில் முடிந்த பிறகே அவர் பெயர் பாடலுடன் சேர்ந்தது.

அனுமதி கேட்கத் தொடங்கினால் இசைக் கலப்பே நின்றுவிடும் என்பார்கள். இதை ஏற்க இயலாது. டிஃபாங் கலப்பிசைக்கு எதிரியல்லர். பெல்ஜியத் தயாரிப்பாளர் டான் லாக்ஸ்மனுடன் இணைந்து, அமிஸ் பாடல்களை மின்னணு இசையோடு 1998-இல் அவரே வெளியிட்டார். பெயரும் பங்கும் உள்ள இடத்தில் கலைஞர்கள் மனமுவந்தே இணைகிறார்கள்.

எனினும், சமரசம் தொடாத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பாடல் டிஃபாங் இயற்றியதன்று; ஊர் கூடி, ஒவ்வொருவரும் தத்தம் குரலிழையைச் சேர்த்துப் பாடும் மரபுக்குரியது. தனி ஆசிரியரையும் காலவரம்பையும் தேடும் பதிப்புரிமைச் சட்டம், இத்தகைய பாடலை யாருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்தாகவே காண்கிறது. தைவான் 2007-இல் இயற்றிய சட்டம், பழங்குடியினர் தம் பாடல்களையும் நடனங்களையும் சமூகத்தின் பெயரில் பதிவுசெய்து, காலவரம்பற்ற உரிமை பெற வழிவகுத்தது. ஆனால், அதன் எல்லை தைவானோடு முடிகிறது. பாடலோ எல்லை தாண்டிச் செல்கிறது.

எனவே, மரபுக் கலை வெளிப்பாடுகள் குறித்து ஜெனீவாவில் நீளும் பேச்சுகள் மூன்றை உறுதிசெய்ய வேண்டும்: சமூகத்தின் முன்னனுமதி, மூலத்தின் பெயர், வருவாயில் பங்கு. இவையின்றி உருவாவதைக் கூட்டிசை என அழைப்பது பொருந்தாது.